யாரும் பார்க்காத முதுகு

ஜூன் 7, கேள்வி

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒரு சந்தேகம். பக்தியால் பிறந்த கலை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது ராஜாவின் விளம்பரமாகத்தான் தெரிகிறது. காசு ராஜாவுடையது, சாஸ்திரம் கோயிலுடையது, வார்த்தவனுக்கு என்ன இருந்தது? ஐரோப்பாவில் ஓவியன் ஓரத்தில் கையெழுத்தாவது போட்டான். நம் ஊரில் ஒரு சிற்பியின் பெயர் தெரியுமா? மதமும் அரசும் இரண்டு பக்கமும் நெருக்கியதில் கலைஞன் காணாமல் போனான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஜூன் 7, இரவு

மறுக்க வரவில்லை, பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வந்தேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டச் சொன்ன கல்வெட்டு எப்படித் தொடங்குகிறது? "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்கிறான். நாம் கொடுத்தது முதலில், அக்கா குந்தவை கொடுத்தது அடுத்து, மனைவிமார் கொடுத்தது அப்புறம், ஊரார் கொடுத்தது கடைசியில். கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட இவ்வளவு சரியாக வரிசை பார்க்க மாட்டார்கள். கொடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சுவர். செய்தவர்கள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

ஜூன் 8, காலை

நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. தூக்கக் கலக்கத்தில் எழுதியது. பெயர் இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். அதே கல்வெட்டில் நித்தவினோதப் பெருந்தச்சனும் கண்டராதித்தப் பெருந்தச்சனும் வருகிறார்கள். நாவிதருக்குக்கூட 'ராஜராஜப் பெருநாவிசன்' என்று பட்டம். ராஜாவுக்குச் சவரம் செய்தவர் பெயரும் கோபுரம் எழுப்பியவர் பெயரும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன.

ஆனால் கவனியுங்கள். குஞ்சரமல்லன் அவருடைய பெயர், ராஜராஜப் பெருந்தச்சன் ராஜா போட்ட பெயர். நித்தவினோதன் என்பதும் ராஜராஜனுடைய பட்டந்தான். பெயரே இல்லாமல் போவது ஒரு விதம். உன் பெயருக்கு மேல் என் பெயரைச் சூடிக்கொள் என்பது இன்னொரு விதம். இரண்டாவதை அந்தத் தச்சர் அவமானமாக நினைத்திருக்க மாட்டார். வீட்டில் விருந்தே வைத்திருப்பார்.

ஜூன் 8, மதியம்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "80 டன் ஒரே கல், நிழல் கீழே விழாது, இதைப் பற்றியெல்லாம் எழுத மாட்டீர்களா?" உச்சியில் இருப்பது ஒரே கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்தது. நிழல் நன்றாகவே விழுகிறது. சாயங்காலம் நாலரைக்குப் போய் அதில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜூன் 10

நான் யார் என்று கேட்டவருக்கு: வரலாறு படித்தவன் இல்லை. ஒரு கூட்டுறவு வங்கியில் 31 வருடம் நகை மதிப்பீட்டாளராக இருந்தேன். உரைகல்லும் தராசும்தான் என் படிப்பு. அதனால் பெரிய கோயில் கல்வெட்டை எல்லாரும் வேறு எதற்கோ படிக்க, நான் நகைப் பட்டியலுக்காகப் படித்தேன்.

படித்தபோது புல்லரித்தது, சத்தியமாக. பொன் இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி என்று கடைசிக் குன்றிமணி வரைக்கும் இருக்கிறது. சரடு நீக்கி எடுத்த நிறையா, அரக்கு உட்பட நிறையா என்பதும் இருக்கிறது. இதற்குத்தான் கவுண்டரில் நான் தினமும் சண்டை போட்டேன். "அரக்குக்குக் கழிவு உண்டும்மா" என்றால் எந்த அம்மா ஒப்புக்கொள்வார்? ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் அதை ராஜாவின் நகைக்கே சொல்லி, கல்லிலும் வெட்டிவிட்டான். முத்துகளைத் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி. நீரோட்டம்கூட விடவில்லை, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று எழுதியிருக்கிறார்கள். சாமிக்கு ராஜா கொடுத்த மாலையில் கறடு, அதாவது சொரசொரப்பான முத்தும் இருந்தது என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

அந்தப் பொன்னை எந்தக் கல்லால் நிறுத்தார்கள்? 'ஆடவல்லான்' என்னும் கல்லால். ஆடவல்லான் என்றால் நடராஜர். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். மணி பதித்த நகையை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்று வேறொரு கல். இது பக்தியா, விளம்பரமா என்று கேட்டவர் இங்கே நிற்கட்டும். தராசுத் தட்டில் கிடக்கும் எடைக்கல்லுக்கே சாமியின் பெயர். நெல் அளக்கப் போனாலும் அவன்தான் அளக்கிறான். மதம் எங்கே முடிந்து அரசு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்க என்னால் ஆகாது.

ஜூன் 10, மறுபடியும்

திருமேனிகளை விட்டுவிட்டேன். அங்கே வைத்த 60க்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளுக்கும் இதே மாதிரி பதிவு இருக்கிறது. கோயில் முழத்தால் அளந்து, பாதாதிகேசாந்தம், அதாவது காலடி முதல் முடி வரை இத்தனை விரல் உசரம், கை நான்கு, கனமாக வார்த்ததா உள்ளே பொள்ளலாக வார்த்ததா எல்லாம் உண்டு. அழகாக இருந்தது என்று ஒரு சொல் இல்லை. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றின் உயரம் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

யார் யார் வைத்தார்கள் என்பதும் சுவாரசியம். குந்தவை தன் அப்பா பொன்மாளிகைத் துஞ்சின தேவரான சுந்தர சோழருக்கும் அம்மாவுக்கும் திருமேனி எடுத்திருக்கிறாள். கோயிலில் ஸ்ரீகாரியம் (நிர்வாகம்) செய்த ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி நாயன்மார்களை வைத்தார், கூடவே ராஜராஜனுக்கும் அவன் அரசி உலகமாதேவிக்கும் ஒன்று ஒன்று. மேலதிகாரி போட்டோவை மேசைக்குப் பின்னால் மாட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்தவன், ஆச்சரியமே இல்லை.

ஜூன் 13

ஆடல் மகளிர் பற்றிச் சொல்லவில்லையே என்று ஓர் அக்கா கேட்டார். நியாயம். 400 தளிச்சேரிப் பெண்டுகளைச் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தான் ராஜராஜன். ஆளுக்கு ஒரு வீடு, வருடத்துக்கு 100 கலம் நெல். எந்தத் தெருவில், எத்தனையாவது வீட்டில், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்த யார் என்று சுவர் சொல்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'நக்கன்'. ஆடையில்லாதவன், அதாவது சிவன்.

ஆக, கலைஞர் பெயர் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை, 400 பெயர் தெரிகிறது. அவர்கள் என்ன ஆடினார்கள் என்பதுதான் தெரியாமல் போனது. அவர்கள் கிளம்பி வந்த சின்னக் கோயில்களில் அடுத்த வாரம் யார் ஆடினார்கள் என்று எந்தச் சுவரும் சொல்லவில்லை. திறமையை இடம் மாற்றல் உத்தரவு போட்டு அழைத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. என் அம்மாவழிப் பாட்டி ஊர்க்காரர்கள் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள், "தஞ்சாவூருக்குப் போனவ திரும்புனதில்ல" என்று. அது இந்த 400 பேரைப் பற்றியது அல்ல, கட்டிக்கொடுத்த பெண்களைப் பற்றியது. இருந்தாலும் ஞாபகம் வந்தது.

ஜூன் 14

"எல்லாம் பக்தி, நீங்கள் கணக்குப் பிள்ளை கண்ணால் பார்க்கிறீர்கள்" என்று எழுதியவருக்கு ஒரே ஒரு துவாரபாலகர். தாராசுரத்தில் இருந்தவர், இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். பீடத்தில் தமிழில் வெட்டியிருக்கிறது: உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர். எறிந்து கொடுவந்த! விஜயராஜேந்திரன் என்பது ராஜராஜனின் பேரன் முதலாம் ராஜாதிராஜன். சாளுக்கியர் தலைநகரை எரித்து, வாசலில் நின்றவரைத் தூக்கி வந்து, இங்கே வாசலில் நிறுத்தி, எங்கிருந்து வந்தார் என்று அவர் காலடியிலேயே எழுதியாயிற்று. சாமி வீட்டு வாசலிலேயே வெற்றிச் செய்தி.

ஜூன் 14, பின்குறிப்பு

மேலே காரமாகிவிட்டது. பணம் எல்லாம் ராஜாவுடையது என்பதும் சரியில்லை. திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையின் மேல் சாய்ந்து நிற்கும் சிவன், 1011. எடுத்தவர் கோலக்கவன் என்ற ஒருவர். ராஜா இல்லை. பின்னால் மண்ணுக்கடியில் இருந்து கிடைத்து, அவரும் தஞ்சைக் கலைக்கூடத்துக்கு வந்துவிட்டார். பாம்பைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, காலை மாற்றி வைத்துச் சாய்ந்து நிற்கிறார். சாய்ந்துகொண்ட காளை காணாமல் போய்விட்டது. கை மட்டும் காற்றின்மேல் கிடக்கிறது. அந்தக் கைக்குக் கீழே காளை இருந்திருந்தால் இவ்வளவு நேரம் பார்ப்பேனா என்று எனக்கே சந்தேகம்.

ஜூன் 17

இதுவரை எழுதியதெல்லாம் முன்னுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது இதுதான்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஒரு நடராஜரும் சிவகாமியும் உண்டு. சின்ன வயதில் எனக்குத் தெரிந்த சிவகாமி ஒரு முகம், ஒரு கை, மீதியெல்லாம் பட்டுத்துணி. மாலை போட்டால் முகமும் பாதிதான். திரை போட்டு அலங்காரம் செய்து, மணி அடித்துத் திரையை விலக்கினால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அந்தத் துணிக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. அம்மாவைப் பற்றி யாராவது அப்படி யோசிப்பார்களா?

நாற்பது வயதில் ஓர் ஆனித் திருமஞ்சனத்தன்று, விடியற்காலை, குருக்களுக்கு விளக்குப் பிடிக்க ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார். திரைக்கு உள்பக்கம் நின்றேன். ஈரத் துணியை மாற்றும்போது அம்மனின் முதுகு தெரிந்தது. என் கண் தொழில் புத்தியில் முதலில் கழுத்தணிக்குத்தான் போனது. முன்னால் இருக்கும் ஆரம் பின்கழுத்தில் முடிந்து, அந்த முடிச்சிலிருந்து ஒரு குஞ்சலம் முதுகுத்தண்டின் பள்ளத்தில் இறங்குகிறது. முடிச்சு முடிச்சாகவே இருக்கிறது, எந்த இழை மேலே எந்த இழை கீழே என்று சொல்லலாம். தோளில் புரளும் சுருள்கள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இல்லை. இடுப்பில் உடம்பு ஒரு பக்கம் சாய்வதால் எதிர்ப்பக்கம் சின்ன மடிப்பு. பால் அந்த மடிப்பில் ஒரு கணம் நின்று பிறகு இறங்கியது.

அன்றைக்கு வந்த கேள்வி இன்றுவரை போகவில்லை. யார் பார்ப்பதற்கு இந்த முதுகு? வருடம் முழுக்கத் துணிக்குள். ஊர்வலத்திலும் துணிக்குள். விளம்பரம் என்றால் ராஜாவுக்கு இந்த முதுகால் ஒரு பைசா லாபம் இல்லை. தஞ்சாவூரிலும் அப்படித்தான். 108 கரணங்களை, அதாவது நடன நிலைகளைச் செதுக்கத் தொடங்கி 81-இல் நின்ற சிற்பங்கள் விமானத்தின் மேல்தளச் சுற்றில் இருக்கின்றன, மீதி 27 கல் வெறுமனே காத்திருக்கிறது. ஜனங்கள் நடமாடும் இடம் இல்லை. கீழ்த்தளத்துச் சோழ ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில். நாயக்கர் காலத்தில் மேலே இன்னொரு பூச்சுப் பூசி வேறு படம் எழுதிவிட்டார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு போய்க் கண்டுபிடிக்கும்வரை அடியில் என்ன இருக்கிறதென்று பேச்சே இல்லை.

ஜூன் 18

"அதுதான் பக்தி! யாரும் பார்க்காவிட்டாலும் ஆண்டவன் பார்ப்பான்!" என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். நானும் அப்படித்தான் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் சுவாமிமலைக்குப் போனேன்.

ஒரு பட்டறைத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து காய்ச்சி, ஓலையை மடித்து மடித்து அளவு வைத்து, மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். மேலே காவிரி வண்டல் பூச்சு. அது காய்ந்தபின் கனமான மண், கம்பிக்கட்டு. சூடு காட்டினால் மெழுகு ஓடிவிடும், உள்ளே விழுந்த வெற்றிடத்தில் உலோகம். மண்ணை உடைத்தால் சாமி. ஒரு கருவுக்கு ஒரு சாமிதான். பெரியவர் ஒரு மெழுகு அம்மனைக் கவிழ்த்துப்போட்டு முதுகில் வேலை செய்துகொண்டிருந்தார். கேட்டேன், "துணிக்குள்ள மறையப்போற இடத்துக்கு ஏன் ஐயா இவ்வளவு மெனக்கெடல்?"

நிமிரவில்லை. "பின்பக்கமும் பால் ஓடணும்ல. தேங்குனா களிம்பு ஏறும்" என்றார்.

அவ்வளவுதான். பத்து வருடத்துத் தத்துவம் ஒரு வாக்கியத்தில் போயிற்று.

ஜூன் 18, இரவு

ஆக யாரும் பார்க்காத முதுகு என்று நான் சொன்னது தப்பு. குருக்கள் பார்க்கிறார், பார்ப்பதைவிட அதிகமாகத் தொடுகிறார். தினமும் தேய்த்துத் தேய்த்து மூக்கு மழுங்கிய அம்மன்கள் எத்தனை! வேலை கைக்காகச் செய்யப்பட்டது, கண்ணுக்காக இல்லை.

இங்கேதான் அதிகாரம் வருகிறது. கேட்டவர் ராஜாவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இதைத் தவறவிட்டார். அந்த முதுகைத் தொடும் உரிமை யாருக்கு? செய்தவருக்கு இல்லை. ஸ்தபதி உளியால் கண் திறக்கிறார், மரியாதை வாங்கிக்கொள்கிறார், விலகிவிடுகிறார். குடமுழுக்கு முடிந்தால் கருவறைப் படிக்கு இந்தப் பக்கந்தான் அவர் இடம். மெழுகில் விரல் வைத்து இடுப்பு மடிப்பை இழைத்த ஆளுக்கு, பால் அதில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வழியில்லை. நான் பெரியவரிடம், "நீங்க செஞ்சதுக்கு அபிஷேகம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "பாக்காமலா, எல்லாரோடயும் நின்னு" என்றார். திரைக்கு முன்னால் நின்று என்று அர்த்தம்.

எனக்கு விளக்குப் பிடிக்க இடம் கிடைத்தது எதனால் என்பதையும் சேர்த்து யோசிக்கிறேன். வேறு தெருவில் பிறந்திருந்தால் ஆளில்லாத அன்றைக்கும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ராஜா போய் ஏழு நூற்றாண்டு ஆகிறது, இந்த ஏற்பாடு போகவில்லை.

ஜூன் 22

அருங்காட்சியகம் பற்றி ஒரு நண்பர்: "அங்கேதானே எல்லாரும் பார்க்க முடிகிறது? சமத்துவம் அதுதானே?"

ஆமாம், அதுவும் ஒரு பதில். நாம் 'சோழர் கலை' என்று சொல்லி ரசிப்பது முழுக்கத் துணி அவிழ்த்தபின் தெரிந்தது. நடராஜர் தாண்டவத்தைப் பற்றிக் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி எழுதினார், பிரான்சில் சிற்பி ரோடான் போட்டோவைப் பார்த்தே உருகி எழுதினார். அவர்கள் பார்த்த நடராஜருக்கு மாலை இல்லை, வேட்டி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. உடுத்தி வைத்தது ஓர் அதிகாரம். அவிழ்த்து, விளக்குப் போட்டு, பெயர்ப்பலகை வைத்தது இன்னொன்று. இரண்டாவதுக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும், ரிஷபவாகனரை அது இல்லாமல் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் போன தடவை தஞ்சைக் கலைக்கூடத்தில் ஒரு கிராமத்துப் பாட்டி பார்வதிக்கு முன்னால் நின்று, சுற்றும் முற்றும் பார்த்து, பீடத்தில் ஒரு ரூபாய் வைத்தார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "புள்ளைக்கு ஒரு துண்டாச்சும் சுத்தி வைக்கப்படாதா?" என்றார். நான் அதுவரை இருபது நிமிடமாக அதே பார்வதியின் இடுப்பு வளைவைப் பற்றி என் மருமகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 23

பத்தூர் நடராஜர் வழக்கைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சுருக்கமாக: 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி தோண்டும்போது கிடைத்து, கை மாறி லண்டன் போனார். அங்கே வழக்கு நடந்தது. கோயிலின் சிவலிங்கத்தையும் ஒரு கட்சிக்காரராக நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் நடராஜர் ஊர் திரும்பினார். வெள்ளைக்காரன் கோர்ட்டில் சிவன் வாதி. இதில் மதம் எது, அதிகாரம் எது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது.

ஜூலை 3

பத்து நாளாக எழுதவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். நேற்று ஆனித் திருமஞ்சனம்.

எங்கள் நடராஜரும் சிவகாமியும் பல வருடமாக ஊரில் இல்லை. திருட்டுக்குப் பயந்து பாதுகாப்பு மையத்தில் வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் போலீஸ் காவலோடு வந்து அன்றைக்கே திரும்ப வேண்டும். முந்தாநாள் ராத்திரி வேன் வந்தது. சாக்கும் போர்வையும் சுற்றி, படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். இறக்கியதும் பதிவேட்டைத் திறந்தார் ஏட்டு. அம்மன், உயரம் 58 செ.மீ., எடை 41 கிலோ 300 கிராம், கை இரண்டு, பீடத்தோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதாதிகேசாந்தம் என்று எழுதாத குறைதான். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கேட்டார்கள், பழைய பழக்கத்தில் நானே போய் எடை சரிதானா என்று முள்ளைப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

நேற்று விடியற்காலை அபிஷேகம். விளக்குப் பிடிக்க இப்போது குருக்களின் பேரன் இருக்கிறான், நான் திரைக்கு வெளியே எல்லாரோடும் நின்றேன். பால் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் திரும்ப ஏற்றுவதற்கு முன் சிக்கல். துணியெல்லாம் எடுத்துவிட்டு நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும், வந்தபடியே போகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார் ஏட்டு. நடராஜருக்குச் சரி, அம்மனுக்கு முடியாது என்றார் குருக்கள். அரை மணி வாக்குவாதம். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: மண்டபத்தில் எல்லாரும் வெளியேறுவது, குருக்களும் பேரனும் புடவையைத் திரையாகப் பிடிப்பது, உள்ளே ஏட்டு மட்டும். சாட்சி என்பதால் நான் தூணோரம் நிற்கலாம்.

முன்பக்கம் எடுத்தார். வலம், இடம் எடுத்தார். முதுகை எடுத்துவிட்டுச் செல்போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஆடிருச்சு சாமி. கழுத்துக்கிட்ட தெளிவா இல்ல. இன்னொரு தரம் பிடிங்க."

குருக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவையை மறுபடி உயர்த்தினார்.